விதியா மதியா: 380-க்கும் 620-க்கும் நடுவே உண்மையான சிக்கல் எங்கே?

#1 உலைக்களம்

‘விதியா மதியா’ என்று பட்டிமன்றத் தலைப்பு வந்தால் போதும், மீதியை யாரும் எழுதிவிடலாம். ஓர் அணி ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்று குறள் 380-ஐ எடுக்கும். மறு அணி ‘ஊழையும் உப்பக்கம் காண்பர்’ என்று 620-ஐ எடுக்கும். நடுவர் இரண்டும் வேண்டும் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார். அதற்குப் பெயர் தீர்ப்பு இல்லை, நழுவல்.

இரண்டு குறளும் உண்மையிலேயே மோதுகின்றனவா? மோதினால் உரைகாரர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? ‘எல்லாம் விதிப்படி என்றால் முயற்சி எதற்கு’ என்ற கேள்விக்கு வேறு மரபுகளில் கறாரான விடை உண்டா? நூல் படித்தவர்கள் சொல்லுங்கள். ‘விதியை மதியால் வெல்லலாம்’ ரகப் பதில்கள் வேண்டாம்.

#2 ஏடுபுரட்டி

மோதல் 380-க்கும் 620-க்கும் நடுவே இல்லை ஐயா. 371-இல் இருக்கிறது. அதை மேடையில் யாரும் தொடுவதில்லை.

முதலில் எளிதானதை முடித்துவிடுவோம். 620-க்குப் பரிமேலழகர் தரும் விளக்கம்: ஊழால் ஒருமுறை இருமுறைதான் விலக்க முடியும், பலமுறை முயல்பவர் பயன் அடைவர். அதாவது அவர் ஊழை ஒரு சுவராகப் பார்க்கவில்லை, தடைகளின் எண்ணிக்கையாகப் பார்க்கிறார். முயற்சிகளின் எண்ணிக்கை அதைத் தாண்டினால் போதும். குறளில் உள்ள ‘உலைவின்றி’ (தளராமல்), ‘தாழாது’ (குறைவிடாமல்) என்ற இரண்டு நிபந்தனைகளும் அதற்காகத்தான். பத்து தடவை முயன்றும் நடுவில் மனம் தளர்ந்தவன் 620-இன் கணக்கில் வரமாட்டான்.

380-இல் அவர் சொல்வது வேறு. ஊழை விலக்க ஓர் உபாயம் செய்தால், ஊழ் அந்த உபாயத்தையே தனக்கு வழியாக்கிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும் என்கிறார். அங்கே பேச்சு திட்டத்தைப் பற்றியது, 620-இல் உழைப்பைப் பற்றியது. ஒருவன் போட்ட திட்டத்தை ஊழ் முந்துவதும், இன்னொருவன் விடாமல் உழைத்து ஊழைத் தாண்டுவதும் ஒரே உலகில் நடக்கக்கூடியவைதான். முரண் என்று அடித்துச் சொல்ல முடியாது.

இப்போது 371-ஐப் பாருங்கள்: ‘ஆகூழால் தோன்றும் அசைவின்மை கைப்பொருள் போகூழால் தோன்றும் மடி.’ பொருள் சேரவேண்டிய ஊழ் இருந்தால் முயற்சி தோன்றும், போகவேண்டிய ஊழ் இருந்தால் சோம்பல் தோன்றும். முயற்சியே ஊழின் விளைவு! அப்படியானால் 620-இல் ‘தாழாது உஞற்றுபவர்’ (விடாமல் முயல்பவர்) யார்? உஞற்றும்படி ஊழ் வாய்த்தவர்தானே? ஊழை வென்றதாக மதி அணி கொண்டாடும் ஆள், இன்னொரு ஊழின் ஆளாக இருக்கலாம்.

#3 வண்டல்

371-இல் ‘கைப்பொருள்’ என்ற எல்லையை விட்டுவிட்டீர்களே. அதிகாரத்தின் பத்துக் குறளையும் பிரித்துப் பார்த்தால் ஊழின் ஆட்சி எங்கே என்று தெரியும். 371, 375, 376, 377 நான்கும் பொருள் சேர்வது, போவது, துய்ப்பது பற்றியவை. 372-உம் 373-உம் அறிவைப் பற்றியவை. திரு வேறு, தெளிவு வேறு என்று 374 அந்த இரண்டையும் பிரிக்கிறது. 379 மனநிலை பற்றியது: நல்லது வந்தபோது இன்பமாக ஏற்றவர் கெட்டது வந்தால் ஏன் அலறுகிறார் என்ற கேள்வி. அறம் செய்வதும் செய்யாமல் இருப்பதும் ஊழ் என்று எங்கும் இல்லை. செல்வம் ஊழின் கையில், நடத்தை நம் கையில் என்று பிரித்துவிட்டால் வள்ளுவர் கட்சி பாதுகாப்பாக இருக்கிறது.

#4 ஏடுபுரட்டி

378-ஐ மட்டும் தாண்டிப் போய்விட்டீர்கள், கவனித்தேன் :)

‘துறப்பார்மன் துப்புர வில்லார் உறற்பால ஊட்டா கழியும் எனின்.’ நுகர ஒன்றும் இல்லாத ஏழைகள் துறவு பூண்டிருப்பார்கள், பட வேண்டிய துன்பத்தை ஊட்டாமல் ஊழ் விட்டிருந்தால். துறவு அறத்துப்பாலின் பொருள். அதில் ஒரு முழு இயலே இருக்கிறது. அங்கேயும் ஊழ் வந்து கையைப் பிடிக்கிறது. உங்கள் வேலியில் இது ஓட்டை.

பரிமேலழகர் இந்த அதிகாரத்துக்கு இடம் சொல்லும்போதும் ஊழைச் செல்வத்தோடு நிறுத்தவில்லை. பொருளுக்கும் இன்பத்துக்கும் பொதுவானது, ஏதேனும் ஒன்றில் அடக்க முடியாது, அதனால் அறத்துப்பாலின் இறுதியில் வைத்தார் என்கிறார். ஊழியலில் இந்த ஒரே அதிகாரம்தான். தனியாக நிற்பதிலேயே அதன் எடை தெரிகிறது.

#5 கிரேக்கத்துக் கிளி

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ‘எல்லாம் விதிப்படி என்றால் முயற்சி எதற்கு’ என்பதற்குப் பழைய கிரேக்கர்கள் ‘சோம்பல் வாதம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ரோமானியச் சிந்தனையாளர் சிசெரோ தன் விதி பற்றிய நூலில் அதைப் படிப்படியாகத் தருகிறார்:

நோயிலிருந்து நீ பிழைப்பாய் என்று விதி இருந்தால், வைத்தியரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் பிழைப்பாய். பிழைக்கமாட்டாய் என்று விதி இருந்தால், அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் பிழைக்கமாட்டாய். இரண்டில் ஒன்றுதான் உன் விதி. ஆகவே வைத்தியரை அழைப்பது வீண்.

இதை உடைக்கப் பலரும் மூன்றாவது படியைத் தாக்குவார்கள்: ‘விதியே கிடையாது’ என்பார்கள். அது தேவையில்லாத சண்டை. விதியை முழுக்க ஏற்றுக்கொண்ட ஸ்டோயிக்குகள் என்ற கிரேக்கத் தத்துவப் பள்ளியினரிலேயே கிறிசிப்பஸ் (கி.மு. 3-ஆம் நூற்றாண்டு) முதல் படியைத்தான் வெட்டினார். ‘அழைத்தாலும் அழைக்காவிட்டாலும்’ என்பதை யார் சேர்த்தது? விதி சொன்னது ‘பிழைப்பாய்’ என்பதை மட்டும். வைத்தியரை அழைத்து, அதனால் பிழைப்பது என்று இரண்டும் சேர்ந்தே விதிக்கப்பட்டிருக்கலாம். கிரேக்கக் கதையில் வரும் லாயஸ் மன்னனுக்கு ஈடிபஸ் என்ற மகன் பிறப்பான் என்று விதி இருந்தால், ‘லாயஸ் பெண்ணோடு சேர்ந்தாலும் சேராவிட்டாலும் பிறப்பான்’ என்று யாராவது சொல்வார்களா? மல்லன் மைலோ ஒலிம்பியாவில் மல்யுத்தம் செய்வான் என்பது விதியானால், எதிராளி இல்லாமலும் மல்யுத்தம் நடக்கும் என்று ஆகிவிடாது.

எனவே ‘முடிவு நிச்சயம்’ வேறு, ‘என்ன செய்தாலும் முடிவு நிச்சயம்’ வேறு. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவும் இடத்தில்தான் விதி அணியும் மதி அணியும் சேர்ந்து வழுக்குகின்றன.

#6 உலைக்களம்

இது அருமை. ஆனால் முழு விடை இல்லையே? முயற்சி வீண் இல்லை என்று காட்டிவிட்டார், சரி. வைத்தியரை அழைப்பதே விதிக்கப்பட்டது என்றால் எனக்கு அதில் என்ன உரிமை? ஏடுபுரட்டி சொன்ன 371-க்கே திரும்பி வந்துவிட்டோம்.

#7 கிரேக்கத்துக் கிளி

சரியாகப் பிடித்தீர்கள். பயன் காப்பாற்றப்பட்டது, சுதந்திரம் இன்னும் இல்லை. அதற்குக் கிறிசிப்பஸிடம் உள்ள பதில் உருளை. ஓர் உருளையைத் தள்ளினால் உருண்டு ஓடும், கூம்பைத் தள்ளினால் சுற்றிச் சுற்றி வரும். தள்ளல் வெளியிலிருந்து வந்தது. எப்படி நகரும் என்பது அதனதன் வடிவம். நிகழ்ச்சி நம்மைத் தள்ளுகிறது, அதற்கு இணங்குவதா மறுப்பதா என்பது நம் குணத்திலிருந்து வருகிறது, ஆகவே செயல் நம்முடையது, பொறுப்பும் நம்முடையது என்றார்.

இதன் பலவீனம் வெளிப்படை. வடிவத்தை உருளை தேர்ந்தெடுக்கவில்லை. ஸ்டோயிக்குகள் அதை மறுக்கவும் இல்லை. ‘வேறு மாதிரி செய்திருக்க முடியும்’ என்பது அவர்களுக்குச் சுதந்திரத்தின் அளவுகோலே இல்லை. ‘இது என்னிலிருந்து வந்ததா, என்மேல் திணிக்கப்பட்டதா’ என்பதுதான் அளவுகோல்.

#8 ஏடுபுரட்டி

373-ஐப் பக்கத்தில் வையுங்கள்: ‘நுண்ணிய நூல்பல கற்பினும் மற்றுந்தன் உண்மை யறிவே மிகும்.’ எவ்வளவு படித்தாலும் உள்ளே இருக்கிற அறிவே மேலே வரும். கிட்டத்தட்ட அந்த உருளையின் வடிவம்தான். வேறுபாடு, வள்ளுவர் அதை ஊழ் கொடுத்ததாகச் சொல்கிறார், கிறிசிப்பஸ் அதை ‘நான்’ என்கிறார். இந்த இடத்தில் எனக்குக் கிறிசிப்பஸைவிட வள்ளுவர் நேர்மையாகத் தெரிகிறார்.

#9 பாளிப்பெட்டி

விதிவாதம் என்றால் முழுமையான விதிவாதத்தைப் பார்க்காமல் பேசக்கூடாது. பௌத்தமும் சமணமும் எதிர்த்த பழைய சமயமான ஆசீவகம்தான் அது. பௌத்தரின் பாளி நூலான சாமஞ்ஞபல சுத்தத்தில் ஆசீவக ஆசான் மக்கலி கோசாலர் வாயில் வைக்கப்படும் கொள்கை: தன் செயலால் ஆவதும் இல்லை, பிறர் செயலால் ஆவதும் இல்லை, வீரியமும் இல்லை. மூடனும் அறிஞனும் 84 லட்சம் மாகற்பங்கள் (பேரூழிகள்) சுழன்றுதான் துன்பத்தை முடிப்பார்கள். எறிந்த நூலுருண்டை நூல் தீரும்வரை அவிழ்வதுபோல. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

தமிழில் மணிமேகலை 27-ஆம் காதையில், வஞ்சியில் சமயக் கணக்கர்களிடம் மணிமேகலை கேட்கும்போது ஆசீவகரும் பேசுகிறார். நிலம், நீர், தீ, காற்று, உயிர் என ஐவகை அணு. கரும்பிறப்பு, கருநீலம், பசுமை, செம்மை, பொன், வெண்மை என ஆறு பிறப்பு. கடைசியில் கழிவெண் பிறப்பில் வீடு. சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் தந்தை மகளுக்கும் மருமகனுக்கும் நேர்ந்ததைக் கேட்ட பிறகு தானம் செய்து அறம் கொண்டது ஆசீவகரிடம்தான். கோவலனின் தந்தை பௌத்தர் பக்கம் போனார். ஒரே துயரம், இரண்டு சம்பந்திகள், இரண்டு தத்துவங்கள். இளங்கோவடிகள் இதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்.

ஆசீவகத்துக்கு எதிராக வந்த மிகக் கூர்மையான வாதம் சமணரின் உவாசகதசாவோ என்ற நூலின் ஏழாம் பகுதியில் இருக்கிறது. சத்தாலபுத்தர் என்ற குயவர், ஆசீவக அடியார், 500 மண்பாண்டக் கடைகளுக்குச் சொந்தக்காரர். வெயிலில் பானை காயவைத்துக்கொண்டிருக்கும்போது மகாவீரர் கேட்கிறார்: இவை முயற்சியால் ஆனவையா, முயற்சி இல்லாமல் ஆனவையா? மண்ணைப் பிசைந்து, சாம்பலும் சாணமும் கலந்து, சக்கரத்தில் ஏற்றிச் செய்ததை விவரித்துவிட்டும் குயவர் கொள்கையை விடவில்லை: முயற்சி என்று ஒன்றில்லை, எல்லாம் நியதம் (முன்பே முடிவானது) என்கிறார். அடுத்த கேள்வி: யாராவது உன் பானைகளைத் திருடினால், உடைத்தால், உன் மனைவியிடம் முறைகேடாக நடந்தால் என்ன செய்வாய்? அடிப்பேன், கட்டிவைப்பேன், கொல்வேன் என்கிறார். எல்லாம் நியதி என்றால் திருடியவனும் இல்லை, அடிக்க உனக்கு உரிமையும் இல்லை என்று மகாவீரர் முடிக்கிறார். குயவர் கட்சி மாறிவிட்டார்.

பட்டிமன்றத்துக்கு இதைவிடக் கூர்மையான ஆயுதம் மதி அணிக்குக் கிடைக்காது.

#10 சந்தேகி

ஆயுதம் கூர்மைதான், வெட்டுவது எதை? குயவர் தன் கொள்கைப்படி நடக்கவில்லை என்பது நிரூபணமானது. கொள்கை பொய் என்பது நிரூபணமாகவில்லை. நியதிவாதி நிதானமாகச் சொல்லலாம்: ‘அவன் திருடியதும் நியதி, நான் கோபப்பட்டு அடிப்பதும் நியதி.’ ஸ்டோயிக் தத்துவத்தைத் தொடங்கிய ஸெனோவைப் பற்றி இதே மாதிரி ஒரு துணுக்கு உண்டு. திருடிய அடிமை ‘திருட வேண்டும் என்பது என் விதி’ என்றானாம். ‘அடி வாங்குவதும்தான்’ என்றாராம் ஸெனோ.

விதிவாதத்தின் பலமும் நோயும் இதுதான். எது நடந்தாலும் பொருந்தும். ஏடுபுரட்டி சொன்ன பரிமேலழகர் கணக்கையே எடுங்கள். பத்தாவது முயற்சியில் வென்றால் ‘ஊழ் ஒருமுறை இருமுறைதான் தடுக்கும்’. பத்தாவதிலும் தோற்றால் ‘ஊழிற் பெருவலி யாவுள’. எத்தனையாவது முயற்சியில் நிறுத்த வேண்டும் என்று எந்தக் குறளாவது முன்கூட்டியே சொல்கிறதா? இல்லை. நடந்த பிறகு ஒட்டும் சீட்டு அது. நடப்பதற்கு முன் அதில் ஒரு தகவலும் இல்லை.

மக்கலியோடு அதே சுத்தத்தில் சஞ்சய வேலட்டிபுத்தர் என்ற ஆளும் வருகிறார். மறுமை உண்டா என்று கேட்டால், ‘உண்டு என்று தோன்றினால் உண்டு என்பேன், அப்படியும் சொல்லவில்லை, இப்படியும் சொல்லவில்லை, வேறு விதமாகவும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை…’ பௌத்தர்கள் அவரை வழுக்கும் விலாங்கு என்று கேலி செய்தார்கள். ஊழ் விஷயத்தில் எனக்கு அவர் கட்சிதான் சரியாகப் படுகிறது.

#11 வண்டல்

விலாங்காக இருந்துகொண்டு நாளைக் காலையில் எழுந்து என்ன செய்வீர்கள்? எதையும் நம்பாதவன் எதையும் செய்ய முடியாதே. கடனுக்குக் கையெழுத்துப் போடுவதற்கும் ஒரு நம்பிக்கை வேண்டும்.

#12 சந்தேகி

ஐயவாதிகளிடம் 2,000 வருடங்களுக்கு மேலாகக் கேட்கப்படும் கேள்வி. ஏதென்ஸ் அகாதெமியின் தலைவர் கார்னியாடிஸ் பதில் வைத்திருந்தார். (கி.மு. 155-இல் தூதராக ரோமுக்குப் போய், ஒரு நாள் நீதிக்கு ஆதரவாகவும் மறுநாள் எதிராகவும் பேசி ஊரைக் குழப்பியவர். பட்டிமன்றத்துக்காரர்கள் படம் மாட்டவேண்டிய ஆள்.)

உண்மை கிடைக்காது, ஏற்கத்தக்கது கிடைக்கும் என்றார். அதில் மூன்று தரம். வெறுமனே ஏற்கத்தக்கது முதல் தரம். சுற்றியுள்ள மற்ற தோற்றங்கள் எதுவும் அதை மறுக்கவில்லை என்றால் இரண்டாம் தரம். ஒவ்வொன்றாகச் சோதித்தும் பார்த்தாயிற்று என்றால் மூன்றாம் தரம். இருட்டறையில் சுருண்டு கிடப்பது பாம்பு என்று தோன்றியதும் விலகி ஓடினால் அது முதல் தரத்தில் செய்த செயல். திரும்பி வந்து பார்த்தால் அசையவில்லை. ஆனால் குளிரில் பாம்பும் அசையாமல் கிடக்கும். குச்சியால் சீண்டிப் பார்த்து, அப்போதும் அசையவில்லை என்றால் கயிறு. நமக்கு வேதாந்தத்தில் பழக்கமான அதே பாம்பு, அதே கயிறு, இங்கே மாயையைக் காட்ட வரவில்லை. எவ்வளவு சோதித்தபின் கையை நீட்டலாம் என்று காட்ட வந்திருக்கிறது.

எந்தத் தரம் வேண்டும் என்பது இரண்டைப் பொறுத்தது: அவகாசம், தவறினால் வரும் இழப்பு. தீ என்று சத்தம் கேட்டால் முதல் தரமே போதும், ஓடலாம். கையெழுத்துக்கு மூன்றாம் தரம் வேண்டும். இதில் ஊழ் உண்டா இல்லையா என்பது தீர வேண்டிய அவசியமே வரவில்லை, பார்த்தீர்களா?

#13 ஏடுபுரட்டி

இதை மறுக்க வந்தேன், பாதியில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பொருட்பாலில் 47 முதல் 50 வரையுள்ள அதிகாரங்களாகத் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று வரிசையாக வருகின்றன. செயலில் இறங்குமுன் பார்க்கவேண்டிய பட்டியல் முழுவதும் அங்கே இருக்கிறது. 471: வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணைவலி என நான்கை எடைபோடு. 675: பொருள், கருவி, காலம், வினை, இடம் என ஐந்தையும் ஐயமில்லாமல் எண்ணு. இரண்டு பட்டியலிலும் ஊழுக்கு இடமில்லை. கீதை 18:14 செயலுக்கு ஐந்து காரணம் சொல்லி ஐந்தாவதாகத் தெய்வத்தை வைக்கிறது. வள்ளுவர் செயல்முறை சொல்லும் இந்த இடங்களில் அதைக்கூடச் சேர்க்கவில்லை.

எங்கே நிறுத்துவது என்று குறளில் இல்லை என்றீர்களே, அது மட்டும் சரியில்லை. 463: வரப்போகும் ஆக்கத்தை நினைத்துக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலை அறிவுடையார் தொடங்கமாட்டார். இது நிறுத்தற்கோடு அல்லாமல் வேறென்ன? 478-உம் அதே கணக்கு: வரும் வழி சிறிதானாலும் கேடில்லை, போகும் வழி அகலாதவரை. 620-ஐ 463 இல்லாமல் வாசிப்பதுதான் ஆபத்து. ‘விடாமுயற்சி’ என்று சொல்லிக்கொண்டு முதலையே கரைப்பவனுக்கு வள்ளுவர் சான்றிதழ் கொடுக்கவில்லை. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் 620-ஐ மட்டும் தனியாகக் கிழித்து எடுத்துக்கொள்வது எனக்கு எரிச்சல்.

#14 மட்டுறுத்துநர்

வள்ளுவர் ஆசீவகரா, சமணரா, வேறா என்று வந்த நான்கு பதில்களை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். கணியன் பூங்குன்றனார் ஆசீவகரா என்பதும் அங்கேயே. இங்கே கொள்கை மட்டும்.

#15 பாளிப்பெட்டி

மட்டுறுத்துநர் கோட்டைத் தாண்டாமல் ஒன்று. #9-இல் நான் எடுத்த ஆசீவகச் செய்திகள் எல்லாம் எதிர்க்கட்சி நூல்களிலிருந்து வந்தவை. பௌத்தர், சமணர் எழுதியவை. நீலகேசியின் ஆசீவகவாதச் சருக்கமும் சமணக் கையெழுத்துதான். ஆசீவகர் தாமே எழுதியது நம் கைக்கு வரவில்லை. ஆகவே ‘முயற்சி இல்லை’ என்று அவர்கள் சொன்னார்களா, அல்லது ‘முயற்சியும் நியதிக்குள்’ என்று சொன்னதை எதிராளி சுருக்கிவிட்டாரா என்று கேட்க இடமிருக்கிறது. அவர்கள் கடுந்தவம் செய்தவர்கள் என்பதை எதிரிகளே சொல்கிறார்கள். எதுவும் பயனில்லை என்று நம்பியவன் எதற்குத் தவம் செய்கிறான்? தவம் செய்வதே கடைசிப் பிறப்பு நெருங்கியதன் அடையாளம் என்று எடுத்தால் பொருந்துகிறது. அதுவும் 371-இன் அச்சுதான்.

#16 கிரேக்கத்துக் கிளி

371-க்கு இன்னொரு இணை: மாக்கியவெல்லியின் ‘இளவரசன்’ 25-ஆம் அத்தியாயம் (எழுதியது 1513, அச்சானது 1532). நம் செயலில் ஏறத்தாழ பாதி அதிர்ஷ்டத்தின் கையில், மீதி நம் கையில் என்ற வரியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். நடுவர் தீர்ப்பு மாதிரியே இருக்கும். ஆனால் அதற்குக் கீழே அவர் அந்தச் சமரசத்தைத் தானே கெடுக்கிறார். காலத்துக்கு ஒத்த குணம் உள்ளவன் வெல்கிறான், காலம் மாறினால் குணத்தை மாற்றிக்கொள்ள யாராலும் முடிவதில்லை என்கிறார். போப் இரண்டாம் ஜூலியஸ் எதிலும் பாய்ந்து செய்பவர். காலம் பாய்ச்சலைக் கேட்டதால் வென்றார். நிதானம் தேவைப்படும் காலம்வரை வாழ்ந்திருந்தால் அழிந்திருப்பார் என்பது அவர் கணிப்பு. ‘நம் கையில் உள்ள பாதி’ என்று கொடுத்ததை, குணம் என்ற பெயரில் திரும்ப வாங்கிக்கொள்கிறார்.

490-இல் வள்ளுவர் ‘கொக்கொக்க கூம்பும் பருவத்து மற்றதன் குத்தொக்க சீர்த்த இடத்து’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார்: காத்திருக்கும்போது ஒரு குணம், பாயும்போது இன்னொரு குணம், ஒரே ஆளிடம். மாக்கியவெல்லி அப்படி ஒரு மனிதனே கிடையாது என்பார். இருவரும் உண்மையில் முட்டிக்கொள்வது இங்கேதான்.

#17 உலைக்களம்

அப்படியானால் மதி அணியில் பேசுபவர் 371-ஐ எப்படித்தான் எதிர்கொள்வது? எட்டு நிமிடம்தான் கிடைக்கும்.

#18 ஏடுபுரட்டி

எதிரணி எடுக்கும்முன் நீங்களே எடுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டு 618-க்குப் போங்கள்: ‘பொறியின்மை யார்க்கும் பழியன்று அறிவறிந்து ஆள்வினை இன்மை பழி.’ பயன் தரும் விதி இல்லாதது யாருக்கும் பழியில்லை, அறியவேண்டியதை அறிந்து முயலாததுதான் பழி. 371 பேசுவது முயற்சி எங்கிருந்து தோன்றுகிறது என்பதை. 618 பேசுவது எதற்குப் பழி சுமத்துவது என்பதை. முதல் கேள்விக்கு விடை ‘ஊழ்’ என்றாலும் இரண்டாவது கேள்விக்கு விடை மாறவில்லை. சோம்பல் போகூழால் வந்தது என்று சொல்பவரே 618-இல் சோம்பியவனைப் பழிக்கிறார். இரண்டையும் ஒரே ஆள் எழுதியிருக்கிறார் என்பதை அவையின் முன் அப்படியே வையுங்கள், மழுப்ப வேண்டாம்.

அடுத்து 619. தெய்வத்தால் ஆகாவிட்டாலும் முயற்சி மெய்வருத்தக் கூலி தரும். முழுப் பயன் என்று சொல்லவில்லை, கூலி என்கிறார். இங்கேதான் பேச்சாளர்கள் வெற்றி உறுதி என்று அளந்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். 620-ஐக் கடைசி ஒரு நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், 463-ஐயும் சேர்த்து.

#19 வண்டல்

குயவர் கதையை நான்காவது நிமிடத்தில் போடுங்கள், அவை சிரிக்கும். ஆனால் சந்தேகி சொன்ன மறுப்பு எதிரணியில் யாருக்காவது தெரிந்திருந்தால் வம்பு. ‘நியதி பொய்’ என்று முடிக்காமல், ‘நியதியை நம்புகிறவரும் பழி சொல்லாமல் வாழ முடியவில்லை’ என்று முடித்தால் தப்பலாம். 618-க்கும் அது பொருந்தி வரும்.

#20 சந்தேகி

எதிரணி 378-ஐ எடுத்தால்?

#21 ஏடுபுரட்டி

எடுத்தால் சிரமம்தான். எட்டு நிமிடத்தில் அதற்குப் பதில் சொல்ல வழியில்லை. துறவற இயலையும் ஊழியலையும் சேர்த்து வைத்துப் பேசவேண்டிய விஷயம் அது. தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.